வாசலிலேயே வைத்து பிக்அப்பின் ஸ்டீயரிங் ராக் மாற்றுவது எப்படி

ஸ்டீயரிங்கில் ஆட்டம் வந்த பிக்அப்பை எந்தப் பட்டறை வாசலில் நிறுத்தினாலும் முதலில் காதில் விழுவது "ராக் போச்சுண்ணா" என்பதுதான். ராக் என்றால் ஸ்டீயரிங் வீலின் சுற்றலை இடம் வலமாக நகர்த்தி முன் சக்கரங்களைத் திருப்புகிற, பல் வெட்டிய நீளத் தண்டும் அதன் கூடும். பல வண்டிகளில் ராக் நன்றாகவே இருக்கும், போனது ஒரு எண்டு (சக்கரப் பக்கம் திருப்பும் முனை மூட்டு), ஒரு புஷ் (ராக்கைப் பிடித்திருக்கும் ரப்பர்), இல்லையென்றால் ஸ்டீயரிங் ராடு நடுவில் உட்கார்ந்திருக்கும் கிராஸ் என்ற மடங்கும் மூட்டு. அதனால் இந்தக் குறிப்பில் கழற்றி மாட்டுவதற்குக் கொடுக்கும் இடத்தை, ராக்தான் போயிருக்கிறதா என்று பார்ப்பதற்கும் கொடுத்திருக்கிறேன். ராக் மாற்றுவது பெரிய வித்தை இல்லை. ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவர், கூட ஒரு ஆள், ஒரு ஞாயிற்றுக்கிழமை, இவ்வளவு போதும். ஆனால் தப்பாகக் கண்டுபிடித்துவிட்டு மாற்றினால் காசும் போகும், ஆட்டமும் அப்படியே இருக்கும்.

முதலில் உங்கள் வண்டியில் ராக் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். முன்னால் பட்டை அடுக்கிய லீஃப் ஸ்பிரிங்கும் இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே இரும்பு ஆக்சிலும் இருக்கிற சின்ன லோடு வண்டிகளில் பெரும்பாலும் ஸ்டீயரிங் பாக்ஸ்தான் இருக்கும், அது வேறு கதை, இந்தக் குறிப்பு அதற்கு உதவாது. முன் சக்கரங்கள் தனித்தனியாக ஏறி இறங்கும் அமைப்புள்ள டாடா செனான், ஸ்கார்பியோ கெட்அவே, ஸ்ரீசிட்டியில் கட்டி வரும் இசுஸு டி-மேக்ஸ் போன்றவற்றில் ஹைட்ராலிக் (ஆயில் அழுத்தத்தில் உதவும்) பவர் ஸ்டீயரிங்கோடு ராக் இருக்கிறது. நான் சொல்வது எல்லாம் இந்த வகைக்கு. மோட்டார் வைத்த எலக்ட்ரிக் ஸ்டீயரிங் என்றால் வீட்டில் கை வைக்க வேண்டாம், மாட்டிய பிறகு கம்ப்யூட்டரில் நடுவைச் சொல்லிக் கொடுக்கிற வேலை இருக்கிறது.

நம்ம வடசென்னைப் பக்கத்தில் ராக் சீக்கிரம் போவதற்குக் காரணம் கிலோமீட்டர் இல்லை, தண்ணீர். ராக்கின் இரண்டு முனையிலும் மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் உறை இருக்கும், பட்டறையில் பூட் என்பார்கள். அது கிழிந்தால் உள்ளே இருக்கும் பளபளப்பான தண்டில் ஈரம் ஏறும், தண்டில் துரு பொட்டுப் பொட்டாக அரிக்கும், அந்தப் பொட்டுகள் போக வர, ஆயிலைத் தடுக்கும் ரப்பர் சீலை ராவிக்கொண்டே இருக்கும், கடைசியில் ஆயில் கசியும். காசிமேட்டிலிருந்து மீன் ஏற்றும் வண்டி என்றால் ஐஸ் கரைந்த உப்புத் தண்ணீர் தொட்டியிலிருந்து சொட்டி, பின் சக்கரம் வரை நனைத்துவிட்டு, அதே ஈர ரோட்டில் முன்னால் போகிற வண்டி அடிக்கிற தெளிப்பு உங்கள் முன் பக்கத்துக்கு வரும். எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் ஓடினால் கடல் காற்று போதும், தண்ணீரே வேண்டாம். மணலி போகிற ரோட்டில் டிரெய்லர்கள் தோண்டி வைத்த பள்ளம் தனி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வியாசர்பாடி, கொடுங்கையூர், எண்ணூர் பக்கம் தண்ணீரில் நின்ற வண்டிகளில் பூட் கிழிந்திருந்தவை எல்லாம் ஆயில் கசிய ஆரம்பித்திருந்தால் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

ராக்தானா?

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். சக்கரங்கள் தரையிலேயே இருக்கட்டும், ஜாக்கி வேண்டாம். இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஒருவர் ஸ்டீயரிங்கை நடுவிலிருந்து இடம் வலம் கொஞ்சமாக, ஆனால் விடாமல் ஆட்ட வேண்டும். இன்னொருவர் பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்து மேலிருந்து கீழாக ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்துக்கொண்டே வர வேண்டும். ஃபேன், பெல்ட் பக்கம் கை போகக் கூடாது, லுங்கி கட்டிக்கொண்டு இந்த வேலைக்கு வரவும் கூடாது. பார்க்க வேண்டியது ஒன்றுதான்: முன்னால் இருக்கும் சாமான் அசைந்த பிறகும் அதற்கு அடுத்தது சும்மா நிற்கிற இடம் எது? ஸ்டீயரிங் ராடு திரும்புகிறது, ராக்கின் பற்களில் மாட்டும் சின்னப் பல்சக்கரமான பினியன் திரும்பக் கொஞ்சம் யோசிக்கிறது என்றால் கிராஸ் போயிருக்கிறது. ராக்கின் உடம்பே கிளாம்புக்குள் இடமும் வலமும் நகர்கிறது என்றால் புஷ் மட்டும் போயிருக்கிறது, ராக்கைக் குறை சொல்லாதீர்கள். தண்டு நகர்கிறது, ராக்கையும் சக்கரத்தையும் இணைக்கும் டை ராடு நகர்கிறது, சக்கரம் மட்டும் தாமதிக்கிறது என்றால் வெளி எண்டு.

அப்புறம் முன் பக்கத்தை ஜாக்கி போட்டுத் தூக்கி, ஸ்டாண்டில் உட்காரவைத்து, சக்கரத்தைக் கடிகாரத்தின் 3, 9 இருக்கிற இடத்தில் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் எண்டுகள் பக்கம். 12, 6 இடத்தில் பிடித்து ஆட்டம் வந்தால் அது பால் ஜாயிண்ட் அல்லது வீல் பேரிங், ராக்குக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. 3, 9 ஆட்டத்தில் வெளி எண்டு அசையவில்லை என்றால் பூட்டைக் கையால் அமுக்கி உள்ளே இருக்கும் ராக் எண்டை விரலால் உணரப் பாருங்கள், உள்ளே டொக் டொக் என்று விரலில் தட்டும். ராக் எண்டு தனியாகக் கிடைக்கும், தனியாக மாற்றலாம்.

சரி, இதெல்லாம் நன்றாக இருக்கிறது, இருந்தும் ஆட்டம் என்றால்தான் ராக். அதற்கென்று சில அடையாளம் உண்டு. பூட்டின் பெரிய கிளிப்பைத் தளர்த்தி ஓரத்தை விலக்கினால் உள்ளேயிருந்து ஆயில் வழிந்தால் சீல் போய்விட்டது. காலையில் முதல் திருப்பலில் கனமாக இருந்து, வண்டி சூடேறியதும் இலகுவாகிறது என்றால் பினியனோடு இருக்கும் வால்வு பக்கம் தேய்ந்திருக்கிறது. ஒரு பக்கம் இலகு, மறு பக்கம் கனம் என்றாலும் அதே பக்கம்தான். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கனம் என்றால் ராக்கை விட்டுவிட்டு பம்ப், பெல்ட், ஆயில் அளவைப் பாருங்கள். இன்னொன்று, நேராக ஓடும்போது மட்டும் நடுவில் ஆட்டம், இரண்டு ஓரத்துக்கும் போனால் கிண்ணென்று இருக்கிறது. வண்டி வாழ்நாளில் பெரும்பகுதி நேராகத்தான் ஓடுகிறது, அதனால் நடுவில் இருக்கும் பற்கள்தான் தேயும். இப்படித் தேய்ந்த ராக்கின் அட்ஜஸ்ட் நட்டை இறுக்கிக் கொடுத்து "சரியாப் போச்சு" என்று அனுப்புகிறவர்கள் உண்டு. நடு சரியாகும், ஓரத்தில் பிடிக்கும், முழுசாகத் திருப்பிய ஸ்டீயரிங் தானாகத் திரும்பி வராது. திருப்பத்தில் ஸ்டீயரிங் மாட்டிக்கொள்வது ஆட்டத்தைவிட ஆபத்து, அந்த வேலைக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள்.

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இல் 98-வது விதி, ஸ்டீயரிங் வீலில் ஆட்டம் 30 டிகிரிக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது. எஃப்சி (வண்டித் தகுதிச் சான்று) காட்டும்போது இதைப் பார்ப்பார்கள். ஆனால் 30 டிகிரி என்பது சட்டம் பொறுத்துக்கொள்ளும் எல்லை, அவ்வளவு வரும் வரை காத்திருந்தால் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் இரண்டு கண்டெய்னருக்கு நடுவில் நீங்கள் ஓட்டுவது வண்டியை இல்லை.

எந்த ராக் வாங்குவது

கையில் காசு இருந்தால் கம்பெனி சாமான், கூட இரண்டு எண்டு, புஷ் செட், பைப் வாஷர்கள். வண்டிச் சாமான் கடைகள் இருக்கும் ஜி.பி. ரோட்டில் வண்டியின் சேசிஸ் நம்பரைக் கொடுத்துக் கேளுங்கள், மாடல் பெயரை மட்டும் சொல்லாதீர்கள், ஒரே பெயரில் வருடத்துக்கு வருடம் பினியன் பல்லும் பைப் மரையும் மாறும். 4x2 (இரண்டு சக்கரம் இழுப்பது), 4x4 (நான்கும் இழுப்பது) இரண்டுக்கும் ஒன்றா என்றும் கேட்டுவிடுங்கள்.

புதுப்பேட்டையில் கிடைக்கும் பழைய வண்டிச் சாமான் (செகண்ட்ஸ்) என்றால் ஒன்றும் கேவலமில்லை, ஆனால் பார்த்து வாங்க வேண்டும். பூட்டை விலக்கித் தண்டைப் பாருங்கள். துருப் பொட்டு இருந்தால், கடைக்காரர் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வைத்துவிட்டு வாருங்கள், புது சீல் போட்டாலும் அந்தப் பொட்டு அதைத் தின்னும். பினியனைக் கையால் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை திருப்பிப் பாருங்கள், நடுவில் லூஸ், ஓரத்தில் டைட் என்று வந்தால் அது உங்கள் வண்டியில் இருப்பதைப் போன்ற இன்னொன்று. உடம்பில் வெல்டு வைத்த அடையாளம் இருந்தால் அது விபத்தில் அடிபட்டது, தொடவே வேண்டாம். ராக் சர்வீஸ் செய்து கொடுக்கும் பட்டறைகளும் உண்டு, பழைய ராக்கை வாங்கிக்கொண்டு சீல் மாற்றியதைத் தருவார்கள். பல் தேயாமல் சீல் மட்டும் போன ராக்குக்கு அது நல்ல வழி. பல் தேய்ந்ததற்கு சீல் கிட் போட்டுப் பிரயோஜனம் இல்லை.

எது வாங்கினாலும் பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து போல்ட் ஓட்டைகளின் தூரம், பைப் வாய், பினியன் பற்கள், மொத்த நீளம் ஒத்துப்போகிறதா என்று பார்க்காமல் மாட்ட ஆரம்பிக்காதீர்கள். முடிந்தால் கழற்றுவதற்கு முன்பே இதைச் செய்யுங்கள், கடை மூடிய பிறகு வண்டி ஸ்டாண்டில் தொங்கிக்கொண்டிருந்தால் தெருவில் எல்லோரும் வந்து ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள்.

இடம்

வடசென்னைச் சந்தில் இதுதான் பெரிய பிரச்சினை. சிமெண்ட் ரோடு போட்ட தெரு என்றால் அதிர்ஷ்டம். தார் ரோட்டில், அதுவும் மே மாத வெயிலில், ஸ்டாண்டின் கால் மெல்ல இறங்கும், கீழே தடித்த இரும்புத் தகடோ பலகையோ போடாமல் நிறுத்தாதீர்கள். கழிவுநீர் மூடிக்கு மேலேயோ, குழாய்க்குத் தோண்டி மூடிய பள்ளத்துக்கு மேலேயோ ஸ்டாண்டு வரக் கூடாது. எதிர் வீட்டுக்காரரிடம் முந்தின நாளே சொல்லிவிடுங்கள், நீங்கள் வண்டிக்கு அடியில் படுத்திருக்கும்போது ஆட்டோவை எடுக்க வேண்டும் என்று ஹாரன் அடித்தால் ஒன்றும் செய்ய முடியாது. தண்ணீர் லாரி வரும் நாளா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜாக்கியை நம்பி அடியில் தலையை விடக் கூடாது. சேசிஸ் பாருக்குக் கீழே இரண்டு ஸ்டாண்டு, பின் சக்கரங்களுக்குக் கட்டை, கழற்றிய இரண்டு டயரையும் சேசிஸுக்குக் கீழே படுக்கப் போடுவது. ஹேண்ட் பிரேக் இருக்கிறதே என்று கட்டையை விட்டுவிடாதீர்கள். செங்கல், ஹாலோ பிளாக் அடுக்கி வண்டியை நிறுத்துவதைப் பார்த்திருப்பீர்கள், அது நொறுங்கும்போது சொல்லிவிட்டு நொறுங்காது. பின்னால் லோடு ஒன்றும் இருக்கக் கூடாது.

சாமான்கள்: ரிங் ஸ்பேனர், பாக்ஸ் ஸ்பேனர் செட், நீளமான கைப்பிடி ஒன்று, பைப் நட்டுக்கு ஃபிளேர் ஸ்பேனர், டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து முடுக்குவது), எண்டு கழற்றும் புல்லர், இரண்டு சுத்தியல், துரு ஸ்ப்ரே, அளவு டேப், வெள்ளை பெயிண்ட், ஆயில் பிடிக்க அகலமான டிரே, நிறைய பனியன் வேஸ்ட். டார்க் ரெஞ்ச் வாடகைக்குக் கிடைத்தாலும் வாங்குங்கள். எத்தனை இறுக்கம் என்பது வண்டிக்கு வண்டி வேறு, சர்வீஸ் மேனுவலில் இருப்பதுதான் கணக்கு, கை அளவு இங்கே வேண்டாம்.

கழற்றுவது

முந்தின நாள் ராத்திரியே எண்டு நட், லாக் நட் (எண்டை டை ராடில் பூட்டி வைப்பது), ராக் போல்ட், கிராஸ் போல்ட் எல்லாவற்றுக்கும் துரு ஸ்ப்ரே அடித்துவிட்டுத் தூங்குங்கள். கடலோரம் ஓடிய வண்டியில் இது இல்லாமல் வேலையே ஆரம்பிக்க முடியாது.

சக்கரங்களை நேராக வைத்து, ஸ்டீயரிங் வீலை நடுவில் நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, சீட் பெல்ட்டையோ கயிற்றையோ வீலுக்குள் விட்டு அசையாமல் கட்டிவிடுங்கள். இதைத் தேவையில்லாத வேலை என்று நினைக்கிறவர்கள் நிறைய. ஏர்பேக் உள்ள வண்டியில் வீலுக்குப் பின்னால் சுருள் ஒயர் ஒன்று இருக்கிறது, கீழே ராடைக் கழற்றிய பிறகு யாராவது வீலைச் சுற்றிவிட்டால் அந்தச் சுருள் அறுந்துபோகும், ஏர்பேக் விளக்கு எரியும், ஹாரன் கூட அடிக்காது. ஏர்பேக் இருந்தால் பேட்டரியின் நெகட்டிவையும் கழற்றி வையுங்கள். ஏர்பேக் இல்லாவிட்டாலும் கட்டிவிடுங்கள், நடு எது என்று பிறகு தேட வேண்டாம்.

வீல் நட்டைத் தரையில் இருக்கும்போதே தளர்த்தி, தூக்கி, ஸ்டாண்டு வைத்து, முன் சக்கரங்களையும் அடித் தகட்டையும் கழற்றுங்கள். பவர் ஸ்டீயரிங் ஆயில் டப்பாவில் இருப்பதைச் சிரிஞ்சால் உறிஞ்சி எடுங்கள். பழைய ஆயிலைக் கால்வாயில் ஊற்றாதீர்கள், கேனில் பிடித்துப் பழைய ஆயில் வாங்குகிறவரிடம் கொடுங்கள், எண்ணூர் முகத்துவாரம் பார்த்த எண்ணெய் போதும்.

வெளி எண்டுக்கு வாருங்கள். முதலில் லாக் நட்டைக் கால் சுற்று மட்டும் தளர்த்திவிடுங்கள், எண்டு இன்னும் மாட்டியிருக்கும்போதே இதைச் செய்தால் சுலபம். அப்புறம் நட்டு கழலாமல் குத்தியிருக்கும் காட்டர் பின்னைப் பிடுங்கி, நட்டைக் கழற்றி, திரும்ப இரண்டு மரை மட்டும் ஏற்றி வையுங்கள், எண்டு திடீரென்று விடுபட்டு முகத்தில் அடிக்காது. புல்லர் போட்டு இறுக்கினால் பட்டென்று விடும். புல்லர் இல்லையென்றால் எண்டு உட்கார்ந்திருக்கும் கண்ணின் ஒரு பக்கத்தில் ஒரு சுத்தியலை அணைத்துப் பிடித்து, எதிர்ப் பக்கத்தில் இன்னொன்றால் ஓங்கி அடியுங்கள். மரையின் மேல் அடிக்காதீர்கள். ஃபோர்க் மாதிரி இருக்கும் ஆப்பை அடிக்கலாம், ஆனால் அது ரப்பரைக் கிழிக்கும், எண்டையும் மாற்றப் போகிறீர்கள் என்றால் மட்டும். நட்டோடு எண்டின் மரைத் தண்டும் சேர்ந்து சுற்றினால் கீழிருந்து ஜாக்கியால் எண்டை மெல்ல அழுத்திப் பிடித்தால் அடங்கும்.

எண்டை டை ராடிலிருந்து கழற்றுவதற்கு முன் அளவு எடுங்கள். எண்டின் நடுவிலிருந்து பூட் உட்காரும் பள்ளம் வரை எத்தனை மில்லிமீட்டர் என்று இரண்டு பக்கமும் அளந்து, வெள்ளை பெயிண்டில் சேசிஸ் மேலேயே எழுதிவையுங்கள், பேப்பர் ஆயிலில் ஊறிப் போகும். கழற்றும்போது எத்தனை சுற்றில் வருகிறது என்றும் எண்ணுங்கள்.

அடுத்தது பினியன் இணைப்பு. ராடும் பினியனும் சேரும் இடத்தில் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு போடுங்கள். அங்கே இருக்கும் போல்டைத் தளர்த்தினால் மட்டும் போதாது, முழுவதும் உருவ வேண்டும், ஏனென்றால் அது பினியனில் இருக்கும் பள்ளத்தில் மாட்டிக்கொண்டிருக்கும். உருவாமல் சுத்தியலால் அடித்தால் கிராஸ் கெடும். போல்ட் வந்த பிறகு பிளவில் தட்டையான ஸ்க்ரூ டிரைவரை நுழைத்து லேசாக விரித்தால் மேலே நழுவும்.

பைப் இரண்டு. எது எங்கே போகிறது என்று ஃபோனில் படம் எடுத்துவிட்டு, ஃபிளேர் ஸ்பேனரால் கழற்றுங்கள். சாதா ஸ்பேனர் நட்டின் மூலையை உருட்டிவிடும், உருண்டால் பைப்பே மாற்ற வேண்டிவரும். டிரே கீழே இருக்கட்டும். வாயை பிளாஸ்டிக் கவரால் கட்டுங்கள், ஒரு மணல் துகள் போதும் புது வால்வைக் கெடுக்க.

கடைசியாக ராக் போல்ட். கூட ஒரு ஆள் பிடித்துக்கொள்ள வேண்டும், படுத்தபடி ஒற்றைக் கையில் தாங்குகிற சாமான் இல்லை. கிளாம்பு, புஷ் எந்தப் பக்கம் எப்படி இருந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள். 4x2 வண்டியில் பெரும்பாலும் ஒரு சக்கரப் பக்கமாகச் சாய்த்து இழுத்தால் வந்துவிடும். 4x4 என்றால் முன் டிஃபரென்ஷியல் வழியை மறிக்கும், அதன் போல்டுகளைத் தளர்த்தி இறக்க வேண்டிவரலாம். அந்த வேலைக்கு இடமும் ஆளும் இல்லையென்றால் நேர்மையாகச் சொல்கிறேன், பட்டறைக்கு விட்டுவிடுங்கள்.

மாட்டுவது

ராக் வெளியே இருக்கும் இந்த நேரம்தான் அந்த இடத்தை நன்றாகப் பார்க்கக் கிடைக்கும் நேரம். கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ராக் உட்காரும் குறுக்குச் சட்டமான கிராஸ் மெம்பரில் வெடிப்பு இருக்கிறதா, போல்ட் ஓட்டை நீண்டிருக்கிறதா என்று பாருங்கள். வெடிப்பு இருந்தால் புது ராக் போட்டும் பிரயோஜனமில்லை. துரு மட்டும் என்றால் பிரைமர் அடித்துக் காயவிடுங்கள். கிராஸை இப்போதே கையால் ஆட்டிப் பாருங்கள்.

ஆயில் டப்பாவைக் கழுவுங்கள். அடியில் வலை இருந்தால் அதில் கறுப்பாகப் படிந்திருப்பது பழைய ராக்கின் இரும்புத் தூளும் ரப்பர் தூளும்தான். அதை விட்டுவிட்டுப் புது ராக்கை மாட்டினால் அதுவும் அதே வழியில் போகும்.

புது ராக்கின் நடுவைக் கண்டுபிடிக்க வேண்டும். பினியனை ஒரு ஓரம் வரை திருப்பி, அங்கிருந்து மறு ஓரம் வரை எத்தனை சுற்று என்று எண்ணி, அதில் பாதியைத் திரும்பச் சுற்றுங்கள். மூன்றரைச் சுற்று வந்தால் ஒன்றே முக்கால். மெதுவாகத் திருப்புங்கள், பைப் வாயிலிருந்து ஆயில் பீச்சி அடிக்கும். நடுவை விட்டுவிட்டு மாட்டினால் ஒரு பக்கம் திரும்பும் வட்டம் பெரிதாகவும் மறு பக்கம் சிறிதாகவும் வரும், அலைன்மெண்ட்டில் அதைச் சரி செய்ய முடியாது.

லாக் நட், எண்டு இரண்டையும் பழைய அளவுக்கே ஏற்றுங்கள். ராக்கைத் தூக்கி வைத்து எல்லா போல்டையும் முதலில் கையால் முடுக்கி, பைப் நட்டுகளையும் விரலால் பல சுற்று ஏறும் வரை ஏற்றிவிட்டு, அப்புறம்தான் ஸ்பேனர். மரை கோணலாக ஏறினால் அலுமினிய உடம்பு தாங்காது. வாஷர், ஓ-ரிங் எல்லாம் புதிது. பினியனில் ராடை வெள்ளைக் கோடு பார்த்து முழுசாக இறக்கி, போல்ட் பள்ளத்தின் வழியாகக் குறுக்கே தடையில்லாமல் போகிறதா என்று பார்த்து முடுக்குங்கள். பிறகு ராடைப் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். போல்ட் பள்ளத்தில் விழாமல் சும்மா பிடித்திருந்தால் கொஞ்ச நாள் ஓடும், ஒரு நாள் வீல் மட்டும் கையில் சுற்றும். இந்தக் குறிப்பில் ஒரே ஒரு வரியை மட்டும் படிக்கிறவர் இதைப் படிக்கட்டும்.

எண்டின் கூம்பையும் அது உட்காரும் கண்ணையும் துடைத்துக் காய்ந்ததாக மாட்டுங்கள், கிரீஸ் பூசக் கூடாது. நட்டை அளவுக்கு இறுக்கிய பிறகு காட்டர் பின் ஓட்டை ஒத்து வரவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் இறுக்கி ஒத்துவரச் செய்யுங்கள், தளர்த்தக் கூடாது. பின் புதிது. பழையதை நிமிர்த்தி மறுபடி போடுவது நம் ஊர்ப் பழக்கம், இந்த இடத்தில் மட்டும் வேண்டாம்.

ஆயிலும் காற்றும்

எந்த ஆயில் என்பது டப்பா மூடியிலோ மேனுவலிலோ இருக்கும். சிவப்பு ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர் ஆயில்) சொல்லியிருந்தால் அதுவே, வேறு பவர் ஸ்டீயரிங் ஆயில் சொல்லியிருந்தால் அதுவே, இரண்டையும் கலக்காதீர்கள். பிரேக் ஆயில் ஒரு சொட்டுக்கூடப் போகக் கூடாது, சீல் உப்பிக் கெடும்.

திரும்பி வரும் ஹோஸை டப்பாவிலிருந்து பிடுங்கி ஒரு பாட்டிலில் விட்டு, டப்பாவின் அந்த வாயை அடைத்துவிடுங்கள். முன் சக்கரங்கள் இன்னும் மேலேதான். வீலில் கட்டிய கயிற்றை அவிழ்த்து, இன்ஜின் ஸ்டார்ட் செய்யாமல், ஒருவர் டப்பாவில் புது ஆயில் ஊற்றிக்கொண்டே இருக்க, இன்னொருவர் வீலை ஓரத்திலிருந்து ஓரம் மெதுவாகத் திருப்ப வேண்டும். பாட்டிலில் சுத்தமான ஆயில் வந்ததும் ஹோஸைத் திரும்ப மாட்டி, நிரப்பி, மறுபடி இன்ஜின் இல்லாமலே நிறையத் தடவை ஓரம் ஓரமாகத் திருப்புங்கள். குமிழி வருவது நிற்கும் வரை. இங்கே அவசரப்பட்டு ஸ்டார்ட் செய்தால் காற்றும் ஆயிலும் கலந்து நுரைத்துவிடும், பம்ப் மாடு கத்துவது போலக் கத்தும், நுரை அடங்கக் காத்திருப்பதைத் தவிர வழியில்லை.

குமிழி நின்றபின் ஸ்டார்ட் செய்து, ஐடிலிலேயே இடம் வலம் திருப்புங்கள். ஓரத்தில் போய்ப் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள், ஒரு நொடி தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும், அங்கே பம்ப் முழு அழுத்தத்தில் தவிக்கும். இன்ஜினை அணைத்துவிட்டு ஒவ்வொரு இணைப்பையும் உலர்ந்த துணியால் துடைத்து, மறுபடி ஓடவிட்டு, ஈரம் வருகிறதா என்று பாருங்கள்.

ரோட்டுக்கு

சக்கரம் மாட்டி இறக்கியபின் வீட்டிலேயே டோ அளவை (முன் சக்கரங்கள் முன்னால் குவிந்தோ விரிந்தோ நிற்கும் அளவை) குத்துமதிப்பாகப் பார்க்கலாம். இரண்டு முன் டயரிலும் நடுக் கோட்டில் சாக்கட்டியால் குறி போட்டு, முன் பக்கம் இரண்டு குறிக்கும் இடையே அளந்து, வண்டியைத் தள்ளி அதே குறிகள் பின் பக்கம் அதே உயரத்துக்கு வந்ததும் மறுபடி அளந்தால், இரண்டுக்கும் சில மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. இது அலைன்மெண்ட் கடை வரை போய்ச் சேர மட்டும். முதல் ஓட்டம் ஆள் நடமாட்டமில்லாத தெருவில், நடை வேகத்தில், பிரேக்கும் ஸ்டீயரிங்கும் பார்த்தபடி. அப்புறம் நேராக அலைன்மெண்ட். அங்கே டை ராடைத் திருப்பும்போது பூட்டின் சின்ன கிளிப்பைத் தளர்த்தச் சொல்லுங்கள், இல்லையென்றால் பூட் முறுக்கிக்கொண்டு சில மாதத்தில் கிழியும். வீல் கொஞ்சம் கோணலாக நின்றால் வீலைப் பிடுங்கி நேராக்கித் தருகிறேன் என்பார்கள். வேண்டாம், இரண்டு டை ராடையும் ஒரே அளவு, ஒன்றைக் கூட்டி ஒன்றைக் குறைத்து நேராக்கச் சொல்லுங்கள்.

ஒரு வாரம் ஓட்டியபின் லாக் நட், ராக் போல்ட், ஆயில் அளவு மூன்றையும் பாருங்கள். மீன் லோடு வண்டி என்றால் லோடு இறக்கிய அன்றே அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவுங்கள், ஆனால் சர்வீஸ் ஸ்டேஷன் பிரஷரைப் பூட்டுக்கு நேராகப் பிடிக்கவிடாதீர்கள். ஐப்பசி மழை ஆரம்பிக்கும் முன் இரண்டு பூட்டையும் விரலால் தடவி, மடிப்புக்குள் கீறல் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அப்போதே மாற்றிவிடுங்கள்.

பழைய ராக்கை அன்றைக்கே பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டுவிட வேண்டாம். அலைன்மெண்ட் முடிந்து, கசிவு இல்லை என்று தெரியும் வரை வைத்திருங்கள், புதுசில் ஒரு பைப் வாயோ கிளாம்போ ஒத்துவரவில்லை என்றால் ஒப்பிட அது வேண்டும். அதன் பிறகு தண்டில் துரு இல்லையென்றால் ராக் சர்வீஸ் பட்டறையில் கேட்டுப் பாருங்கள், இரும்பு எடையைவிட நல்ல விலைக்கு எடுத்துக்கொள்வார்கள்.